கேட்டோ

பகலில் தூங்குகிறவன் நான்.
இரவு பத்துக்கு
வாளையார் தாண்டி, பி லைன் வளைவில்
டார்ச், விசில், வாக்கிடாக்கி மூன்றையும்
மடியில் வைத்து உட்காருவேன்.
என்ன வேலை என்பவர்களிடம்
யானைக் காவல் என்பேன்.
சரியாகச் சொன்னால்
கேட்பதுதான் வேலை. தினக்கூலி.

டார்ச்சை அடிக்கடி அடிக்கக் கூடாது.
வெளிச்சம் விழுந்த இடம் தவிர
மீதிக் காடெல்லாம் செத்துப்போகும்.
பேட்டரி தீர்ந்த ஓர் ஆடி மாதத்தில்
நானாகத் தெரிந்துகொண்டது இது.

முதலில் காற்று.
கணவாய்க்குள் புகுந்து பனையோலைகளை உலுக்கும்
ஒரே பிடிவாதம்.
அதைக் கேட்டுக் கேட்டு
ஈரச் சட்டையைக் கழற்றுவது போல
கை கையாக
விட்டுவிட வேண்டும்.
அதற்கடியில் கஞ்சிக்கோட்டு இரும்பாலை,
தூரத்தில் யாரோ நெஞ்சைத் தட்டிக்கொள்வது மாதிரி.
அதற்கடியில் சில்வண்டு.
அதற்கடியில் தண்டவாளம்:
வண்டி வரும் முன்னமே
இரும்புக்கு விஷயம் தெரிந்துவிடும்,
ஊசிமுனையளவு முனகும்.
அதற்கும் அடியில்
என் ரத்தம்.
முதல் மாதம் அதை ஓடை என்று நினைத்து
எழுந்து தேடிப் போனேன்.

கோட்டை மைதானம் பக்கம் ஒரு ஹாலில்
மூன்று நாள் நாத யோகம்.
லீவு போட்டுப் போனேன்.
வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி
ஒலி முடிகிறபோது கை தூக்கச் சொன்னார்கள்.
ஒவ்வொருவராகத் தூக்கினார்கள்.
எனக்கு
சாப்பாட்டு நேரம் வந்தும் முடியவில்லை.
எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்றார் ஸ்ரீகுமாரி டீச்சர்.
ரயில்வேயில் என்றேன்.
கட்டணத்தில் பாதியாவது திருப்பித் தந்திருக்கலாம்.

கடைசி நாள் சொன்னார்:
அடிபடாத ஒலி ஒன்று உண்டு.
இரண்டு பொருள் மோதாமல் எழுவது.
எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.
எனக்கு யானை ஞாபகம் வந்தது.

நாலு டன் உடம்பு
சருகின் மேல் நடந்து வரும்,
ஓர் இலை நொறுங்காது.
அதைக் கேட்க ஒரே வழி
மற்றவை நிற்பதைக் கேட்பது.

கர்க்கடகத்தில் ஒரு ராத்திரி
ஸ்டேஷனிலிருந்து ஜெயதேவன் கூப்பிட்டான்:
'வண்டி கஞ்சிக்கோடு விட்டு, கேட்டோ.'
மலையாளத்தில் அது சும்மா ஒரு வால்.
எனக்கு ஒவ்வொரு தடவையும்
கேள்வியாகத்தான் விழும்.
கேட்டேனா?

இடப்பக்கச் சில்வண்டு நின்றது.
தவளைகள் நின்றன.
இருட்டில் ஒரு சுவர் அகலத்துக்கு
ஓட்டை.

சிவப்பு போடு என்றேன்.
'கண்டோ?'
இல்லை.
'சத்தம் கேட்டோ?'
இல்லை.
'பின்னே?'
ஒண்ணுமே கேக்கல, அதான்.
வாக்கிடாக்கியில் கொஞ்ச நேரம்
வெறும் கரகரப்பு.

வளைவுக்கு அந்தப்புறம் வண்டி நின்றது.
ஹெட்லைட்டில் மழை மட்டும்.
பெட்டிக்குள் ஒரு குழந்தை அழுதது, யாரோ ஜன்னலை இறக்கினார்கள்.
பத்தொன்பது நிமிஷம்.
எதுவும் வரவில்லை.
பிறகு இடப்பக்கம் ஒரு சில்வண்டு
சந்தேகத்தோடு தொடங்கியது.
பிறகு இன்னொன்று.
வலப்பக்கம்
நின்றது.

போகட்டும் என்றேன்.

மறுநாள் மெமோ வந்தது, மூன்று மொழியில்.
தமிழ் இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டு
தமிழிலேயே எழுதினேன்:
அடிபடவில்லை.

ஜெயதேவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.
'எது? ஆனையோ, வண்டியோ?'

பழைய மின்விசிறி ஒன்று தலைக்குமேல்
கடகடத்துக்கொண்டிருந்தது.
நான் அதற்கடியில் இருந்ததைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.