மூன்று மில்லிமீட்டர்

லினெட் வீட்டு கராஜ் விற்பனையில்
அறுபது டாலர் சொன்னாள், நாற்பத்தைந்துக்குப் படிந்தது.
சிவப்பும் பச்சையும் அடித்த கிறிஸ்துமஸ் எஞ்சின்.
கொதிகலன் தலையில் ஒரு பொன்மணி,
ஓட்டுநர் நிற்குமிடத்தில் பசை போட்டு ஒட்டிய சாண்டா.
சுவிட்சைத் தட்டினால்
ஒரே பாட்டு, ஒரே வேகம்.

பாட்டைத்தான் முதலில் பிடுங்கினேன்.
இரண்டு ஒயர். அவ்வளவுதான் அமைதி.

எனக்கு வேண்டியிருந்தது கரும்பு ரயில்.
பண்டபெர்க்குக்கு வந்த வருடம், ஆகஸ்ட்,
நேர்காணலுக்குப் போகும் வழியில்
ஒரு கடவையில் சிவப்பு விளக்கு.
வெட்டிய கரும்பு பிதுங்கும் கூண்டுப் பெட்டிகள்
ஒன்றன் பின் ஒன்றாக. வேறென்ன செய்ய, எண்ணினேன்.
நூற்றுப் பதினேழு.
வேலை கிடைக்கவில்லை.
எண் கிடைத்தது.

பிறகு வாய்த்த வேலை பல் செய்வது.
ஊரில் எத்தனையோ பேர் என் பல்லால்தான்
ஆப்பிள் கடிக்கிறார்கள்.
யாரென்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கு என்னையும்.
பகலில் கடைவாய்ப்பல்லைச் செதுக்கும் அதே துரப்பணம்
இரவில் எஞ்சினின் கூரையை அறுத்தது.

தண்டவாளத்தில் மின்சாரம் விடுவது இங்கே சரிவராது,
ஒரு மழைக்குப் பித்தளை களிம்பேறிவிடும்.
கொதிகலனின் வயிற்றைக் குடைந்து
பழைய டிரில்லின் பேட்டரியைப் படுக்க வைத்தேன்.
பிளாஸ்டிக் தகட்டின் முதுகில்
மழுங்கிய ஊசியால் குத்திக் குத்தி
இருநூற்றெட்டு ரிவெட்டுகளை எழுப்பினேன்.
“யார் எண்ணப்போகிறார்கள்?” என்றார் தயாபரன்.
என்னிடம் கேட்கிற கேள்வியா அது.

சாண்டா லேசில் இறங்கவில்லை.
குறடால் நெம்பியதில் கணுக்காலுக்கு மேலே மட்டும் வந்தார்.
பூட்ஸ் இரண்டும் தரையோடு.
அசிட்டோன் தொட்டால் தரையும் உருகும்.
விட்டுவிட்டேன்.
பல் மெழுகில் ஒரு பெண்ணைச் செதுக்கி, ரெசினில் வார்த்து
அந்த பூட்ஸுக்குள்ளேயே நிறுத்தினேன்.
வெள்ளை ரோமத்தில் கரி பூசினேன்.

ஒன்றுக்கு இருபத்திரண்டரை என்கிற அளவில்
பல் அரை மில்லிமீட்டர்கூட வராது.
ஆனாலும் வைத்தேன், மேல்வரிசையில் ஆறு.
ஆறாவதை வைக்கும்போது மூச்சு விட்டுத் தொலைத்தேன்,
கம்பளத்தில் எங்கோ கிடக்கிறது.
ஐந்தோடு சிரிக்கட்டும்.

தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து
ஸ்பிரிட்டில் கரைத்து சக்கரங்களில் தடவினேன்.
அழுக்கு மாதிரி இல்லை. அழுக்கேதான்.

சனிக்கிழமை, முதல் ஓட்டம்.
ரோஸ்மேரிப் புதரை உரசிக்கொண்டு வந்தது,
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியது,
பாஷன்ஃப்ரூட் கொடிக்கு அடியில் நான் புதைத்த
களிமண் குழாய்ச் சுரங்கத்தின் வாசலில்
டக்.

புகைபோக்கி இடிக்கிறது.
அழகுக்காக நான் உயர்த்திய புகைபோக்கி.
மூன்று மில்லிமீட்டர் அதிகம்.

என் தொழிலில் மூன்று மில்லிமீட்டர் என்றால்
ஒரு மனிதரால் வாயை மூட முடியாது.
உயர்ந்ததைத் தேய்ப்போம், சம்பளமே அதற்குத்தான்.
துரப்பணம் கையில்தான் இருந்தது.

தேய்க்கவில்லை.
முழங்காலிட்டு, குழாய்க்குள் கைவிட்டு
தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வழிக்கத் தொடங்கினேன்.
முழங்கைவரை போனதும்
உள்ளேயிருந்து ‘ஸ்ஸ்’ என்றது.
டார்ச் அடித்தேன்.
தடித்த அரணை ஒன்று, பாதித் தூக்கத்தில்,
நாக்கை நீட்டிக் காட்டியது. பேனா மை நீலம்.

அரணைக்கு மறதி அதிகம் என்பார்கள்.
இது மறக்கவில்லை.
மறுநாளும் அங்கேயே. அடுத்த வாரமும்.
அதன் உடம்புக்கு அந்தக் குழாய்
மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியிருந்தது,
நான் செய்த எதுவும் அப்படிப் பொருந்தியதில்லை.

ஆகவே வண்டி இப்போது
சுரங்க வாசல்வரை போகிறது,
சற்று நிற்கிறது,
பின்னோக்கி வருகிறது.
யாரோ ஒருவரின் பூட்ஸில் நிற்பவள்
ஐந்து பல்லும் தெரிய இருட்டைப் பார்க்கிறாள்.

கூண்டுப் பெட்டிகள் பதினொன்று முடிந்திருக்கின்றன.
எத்தனை செய்வாய் என்று
தயாபரன் கேட்கவில்லை.