பதினேழாம் வினா

நாளைக்குத் தவணைப் பரீட்சை.
குறுமண்வெளியில் கரண்ட் இல்லை.
என் போன் வெளிச்சத்தில் எட்டாம் வகுப்பு
கரையம் கரைப்பான் கரைசல் என்று
வாய்க்குள் மெல்லுகிறது.

வினா பதினேழு. மட்டக்களப்பு வாவி நீர்:
1. நன்னீர் 2. உவர்நீர்
ஒன்றை மட்டும் தெரிவுசெய்க.

டிலுக்சனா பேனை மூடியைக் கடித்தாள்.
“எந்த மாசத்து வாவி, மிஸ்?
மார்கழி வெள்ளத்துல உப்பே இல்ல.
ஆத்துவாய் வெட்டினாப் பொறகு
அப்பாட வலையில கடல் மீன் படும்.”

விடைத்தாளில் என்னிடம் இருப்பது
ஓர் எண்.
“ரெண்டைப் போடு புள்ள.”

போட்டாள்.
பக்கத்தில் பென்சிலால், எறும்பளவு எழுத்தில்:
மார்கழியில் கேட்டால் பிழை.

அழிறப்பர் என் கையில்தான் இருந்தது.
கரண்ட் வந்தது.
பதினெட்டுக்குப் போனோம்.