ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

காலை ஒன்பதுக்குக் கையுறை போடுகிறேன்.
முதலில் தாயைத் தூக்கி வேறு கூண்டில் விடவேண்டும்,
பிறகுதான் குட்டிகள். வரிசை மாறக் கூடாது.
பிறந்து நான்கு நாள். கண் திறக்கவில்லை.
ஒவ்வொன்றும்
ஓர் ஐந்து ராண்டு நாணயத்தின் எடை.

பக்கத்து அறையில் வெப்பத் தகட்டின் மேல்
எட்டையும் கிடத்துகிறேன்.
குளிர் அவற்றை வருத்திவிடக் கூடாது.
வருத்தியது தாயின் இன்மை மட்டுமே என்று
பின்னால் நான் நிரூபிக்க வேண்டும்.

அவை அழுவது நமக்குக் கேட்காது.
நம் செவிக்கு எட்டாத உயரத்தில் அழுகின்றன.
கருவி அதைப் பிடித்துத் திரையில் கோடாக்கும்.
ஆறு வருடமாக அழுகையைப்
படித்திருக்கிறேன்,
கேட்டதில்லை.
ஜன்னலைத் திறந்தால் டர்பன் கடல் கேட்கும்.
ஜன்னலைத் திறக்கக் கூடாது.

பதினைந்து நிமிடம் பிரித்துத் திருப்பிக் கொடுத்தால்
தாய் வழக்கத்தைவிட அதிகம் நக்குகிறாள்.
அந்தக் குட்டிகள் வளர்ந்து
திறந்த வெளியின் நடுவே போய் மோந்து பார்க்கின்றன.
மூன்று மணி நேரம் பிரிந்தவை
சுவரை விட்டு வருவதில்லை.
அறுபதாம் நாள் மூளையைச் சீவுவேன்,
வெங்காயச் சருகைவிட மெல்லிசாக.
சாயம் ஏறியதும் உள்ளே
கடற்குதிரை போல ஒன்று வளைந்து படுத்திருக்கும்.
அதில் எது குறைந்தது என்று எண்ணுவது என் தொழில்.

என் அம்மா கோகிலம்
ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவள்.
நான் பிறந்த ஆறாவது வாரம் மறுபடி ஷிஃப்ட்.
படையாச்சி ஆன்ட்டி வீட்டு ரேடியோவின் பக்கத்தில்
பத்து மணி நேரம் கிடந்திருக்கிறேன்.
என் அட்டவணையில் அந்த எண்ணுக்குக் கட்டமே இல்லை.
வந்ததும், தலையில் நூல்பிசிறோடு குனிந்து,
கட்டைவிரலை எச்சிலில் நனைத்து
என் கன்னத்தைத் துடைப்பாள்,
அழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.
பதினோரு வயதில் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.
எத்தனை முறை துடைத்தாள் என்று
யாரும் குறித்துவைக்கவில்லை.

கூண்டு கழுவும் பெகிதெம்பாவின் மகள்
ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்டாள்.
ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டி.
கை நுழைக்க ஒரு வட்டத் துளை,
பார்க்க மதியம் ஒரு மணி நேரம்.
செவ்வாய்க்கிழமை, குழாயை மூடிவிட்டுக் கேட்டார்:
"டாக்டர், நாற்பத்தோரு நாள் ஆச்சு.
உங்க கோட்டில் அது எங்கே வரும்?"
எலி வேறு, குழந்தை வேறு என்றேன்.
"அப்போ எலி எதுக்கு?"
கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

வியாழன் பத்து நாற்பதுக்கு மின்சாரம் போனது.
அட்டவணைப்படிதான்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று
போனில் கத்திவிட்டு வந்தபோது
தகடு காலி.
எட்டுக் குட்டியும் தாயின் அடியில்.
அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டு
வயிறு, பிடரி, வயிறு என்று நக்கிக்கொண்டிருந்தாள்.
பெகிதெம்பா கூண்டின் முன் குந்தியிருந்தார்,
செல்போன் வெளிச்சத்தை விரலால் பாதி மறைத்து,
ஜூலுவில் முணுமுணுத்து
எண்ணிக்கொண்டு.
"முப்பத்தாறு" என்றார், என்னைத் திரும்பிப் பாராமல்.

ஒரு மணி நாற்பது நிமிடப் பிரிவுக்கு
எந்தக் குழுவிலும் இடமில்லை.
அந்த ஈற்றை ஆய்விலிருந்து விலக்கினேன்.
காரணம்: மின்வெட்டு, வெப்பத் தகடு குளிர்ந்தது.
எழுதிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் சூடாகத்தான் இருந்தது.

இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன்.
ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருக்கும்?
"என்னது?" என்றாள்.
சொன்னேன்.
"அப்படியா செஞ்சேன்" என்றாள். "சாப்பிட்டியா?"

வெள்ளிக்கிழமை அடுத்த ஈற்று.
ஒன்பதுக்குக் கையுறை போட்டேன்.
முதலில் தாயை.
பெகிதெம்பா குழாயைத் திறந்தார்,
கழுவ ஒன்றும் இல்லாத நேரத்தில்.