ஆறல்ல

கல்லடிக் கரையில் கச்சேரி வைக்க அனுமதி வேண்டும்.
அனுமதிக்குப் பாட்டெல்லாம் சிங்களத்தில் வேண்டும்.
பன்னிரண்டு பாட்டு, மூன்று பிரதி,
அடியில் என் முத்திரை.

பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு:
இருபத்திரண்டு வருஷம்
ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வைத்தே பிழைத்தவள்
ஏழாவது பாட்டில் நின்றுவிட்டேன்.

ஆறுக்குள்ள ஆறு ஆறல்ல.

அவ்வளவுதான் பல்லவி. எட்டுத் தரம் வரும்,
எட்டாந்தரம் கத்தல்.

எழுதியவனைக் கூப்பிட்டேன். நாலு பேராய் வந்தார்கள்.
"இது எந்த ஆறு மனே?"
டிலோஜன் தலையைச் சொறிந்தான்.
"சத்தம்தான் அன்ரி முதல் வந்த.
அர்த்தம் மறுகா வரும் எண்டு விட்டுட்டன்."
"வந்ததா?"
"இன்னும் இல்ல."

பேஸ் வாசிக்கும் ரோஷல் அண்ட்ராடோ, புளியந்தீவுக்காரன்,
ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான்.
"முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கக்குள்ள
தண்ணி போக வழியில்லை.
அப்ப அது ஆறல்ல. வேற என்ன?"

இஃப்ஹாம் என் மேசையில் தட்டிக் காட்டினான்,
கோப்புகள் துள்ளின.
"தாளம் அன்ரி. ஆறு அடி.
ஆறாவதை அடிக்காம விடுறன்.
ஆறுக்குள்ள ஆறு ஆறல்ல. அஞ்சு!"

லீட் கிட்டார் யதுர்ஷி ஒன்றும் சொல்லவில்லை.
முழங்கையில் பழைய தையல் தழும்பு,
அதன்மேல் விரல் போய்ப் போய் வந்தது.
எத்தனை தையல் என்று எண்ணினேன்.
சொல்லமாட்டேன்.

இலக்கணம் எனக்குத் தெரியும்.
தண்ணீர் என்றால் ஆற்றுக்குள்; ஊர்வாயில் ஆத்துக்குள்ள.
ஆறுக்குள்ள என்றால் எண் மட்டும்தான்.
ஆனால் போனில் வந்த பாட்டில்
சரியாய் அந்த எழுத்தின்மேல்தான் கிட்டார் கிழிகிறது.
அவன் கடித்தது றகரமா தகரமா,
இருபது தரம் போட்டும் பிடிபடவில்லை.

சிங்களத்தில் கங்க வேறு, ஹய வேறு, நிவெனவா வேறு.
ஒரே ஒழுங்கையில்
ஒருவரையொருவர் தெரியாத மூன்று வீடு.
யாருடைய கதவைத் தட்டுவது?

ராத்திரி தேத்தண்ணி ஆத்திக்கொண்டிருந்தபோது
என் காதுக்கு அது மணியாய்க் கேட்டது.
தொண்ணூறில் எனக்குப் பதினைந்து வயது.
"ஆறுக்குள்ள வீட்ட வந்திரு"
என்பதைத் தவிர
வேறு வாழ்த்து எங்களிடம் இருக்கவில்லை.
ஆறு அடித்தபிறகும்
சில வீட்டுப் படலை திறந்தே கிடந்தது.

அதை எழுதினால் அனுமதி வராது.
எழுதினேன்: ஆற்றுநீர் இன்னும் குளிரவில்லை.
வானிலை அறிக்கைபோல் இருந்தது.
முத்திரையைக் கொஞ்சம் சரித்துக் குத்தினேன்.

அனுமதி வந்தது. நிபந்தனை ஒன்று, சிங்களத்தில்.
அதையும் நான்தான் பெயர்த்துக் கொடுத்தேன்:
நிகழ்ச்சி மாலை ஆறு மணிக்குள் முடிக்கப்படல் வேண்டும்.
இஃப்ஹாம் சிரித்துச் சிரித்துத்
தரையில் இருந்துவிட்டான்.

சனிக்கிழமை, மூன்றரை மணி வெயிலில் தொடங்கினார்கள்.
மணல் சுட்டது. ஐஸ்பழக்காரருக்கு நல்ல நாள்.
ஏழாவது பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள்.
ஐந்து ஐம்பத்தாறுக்கு எடுத்தார்கள்.
முந்நூறு பேர் இருக்கும்,
ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆறைப் பாடினார்கள்.

ஆறடிக்க, சார்ஜன்ட் கையுயர்த்த,
யாரோ வயரைப் பிடுங்கினார்கள்.
டிலோஜனுடைய வாய் மட்டும் அசைந்தது.

பக்கத்தில் நின்ற இளம் கொன்ஸ்டபிள்
சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்தார்.
"மிஸ், தண்ணி குளிரல்ல எண்டுதானே இதில கிடக்கு,"
அவருடைய மொழியில் கேட்டார்.
"அதுக்கு ஏன் இத்தனை பேர் கத்துறாங்க?"

வாயைத் திறந்தேன். எந்தச் சொல்லும் முன்னுக்கு வரவில்லை.
மின்சாரமில்லாத மேடையில்
இஃப்ஹாம் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்,
ஐந்து அடித்து, ஒன்றை விட்டு,
ஐந்து அடித்து, ஒன்றை விட்டு.
அவன் விட்ட இடத்தில்,
தனக்கே தெரியாமல்,
கொன்ஸ்டபிளின் விரல் லத்தியில் விழுந்தது.