கயிறு போன வழி

ஹட்டன். ஞாயிற்றுக்கிழமை.
பார்மசிக்கு மேல்மாடியில் எங்கள் சலூன்.
நனைந்த குடை வாளியில் கிடக்க
நாற்காலியில் தனபாக்கியம்.
நோர்வூட் பஸ்ஸில் வந்தவர்.
வியாழன் மகளுக்குக் கல்யாண எழுத்து,
படத்தில் தலை நல்லா விழணும் என்கிறார்.

முடியைப் பிரிக்கிறேன்.
நெற்றிக்கு மேலே மூன்று விரல் தள்ளி
காதிலிருந்து காதுக்கு ஒரு பாதை.
ஆள் நடந்து நடந்து
புல் முளைக்க மறந்த குறுக்குவழி மாதிரி.
இங்கே நடந்தது கயிறு.
இருபத்தாறு வருசக் கொழுந்தின் கனம்
இந்த வழியாகத்தான் மலை இறங்கியிருக்கிறது.
சீப்பு அந்த இடம் வந்ததும்
சும்மா நிற்கிறது.

அலமாரியில் ஜெல் இருக்கிறது.
போத்தலில் கற்றாழைப் படம்; உள்ளே
எந்தச் செடியிலும் இல்லாத பச்சை.
விலை, அவருடைய முழுப்பேர் ஒன்றையும்
அரைப்பேர் ஒன்றையும் தின்னும்.
அதைத் தொடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தகரத்தில்
பெயின்ட் வாளியில் நிற்கிறது என்னுடையது.
பனிக்கு ஓரம் சிவந்து,
மழைக்கு அழுகாமல் இருக்க
நான் கட்டிக் கொடுத்த உரப்பைக் கூரையின் கீழ்.
அடிமடல் ஒன்றை வெட்டிக்
கிளாசில் தலைகீழாக நிறுத்தினேன்.
மஞ்சள் பால் வடியட்டும். அது ஆகாது,
தோலைக் கடிக்கும், வயிற்றைக் கலக்கும்.
கால் மணி நேரம்.

"எங்க லயத்துல ஒருத்தி
கண்ணூறுக்குன்னு வாசல்ல தொங்கவிட்டிருக்கா.
வேர் ஆகாசத்துல. சாகாம கெடக்குது,
நம்மள மாதிரின்னு சொல்லுவா.
எனக்கு அந்தப் பேச்சு புடிக்காது தங்கச்சி."

முள்ளைச் சீவித் தோலை உரித்தேன்.
கழுவினேன், மறுபடி கழுவினேன்,
கொழகொழப்பு போவதாக இல்லை.
விரலில் வழித்து அந்தப் பாதையில் வைத்ததும்
"குளுருது" என்று தோளைச் சுருக்கிக்
கண்ணை மூடிக்கொண்டார்.

பொய் சொல்லலாம். பாதித் தொழில் அதுதான்.
மூணு மாசத்துல கருகருன்னு வரும்க்கா,
நுனிநாக்கு வரை வந்தது.

"வேர் செத்த எடத்துல முளைக்காதுக்கா.
எரிச்சல் அடங்கும். பொடுகு கொறையும்.
ஓரத்துல நிக்கிறதாவது நிக்கும்,
கயித்த ரெண்டு விரல் பின்னுக்குப் போட்டீங்கன்னா."

"பின்னுக்குப் போட்டா கழுத்து புடிக்கும்."
முன்னுக்குப் போட்டால் கண்ணில் இறங்கும்.
இந்தக் கணக்கையெல்லாம்
நான் பிறக்கும் முன்பே போட்டு முடித்தவர்.
"முளைக்க வேணாம். எரியாம இருந்தா போதும்.
நாளைக்கு அது அங்கதானே வந்து ஒக்காரும்."

வகிட்டை மாற்றினேன்.
பின்முடியை வாரி முன்னே கொண்டுவந்து
பாதையை மூடினேன். படத்துக்குப் போதும்.
மிச்சத்தைக் கேட்காமலே எடுத்துக்
கறை ஏறி வெடித்த விரல்களில் தேய்த்துக்கொண்டார்.
தலைச்சாயம் தின்ற என் விரல்களுக்கும் கொஞ்சம்.
ஒரே மடல்.
கொஞ்ச நேரம் நாலு கையும் பளபளத்தன.

மடலை நட்டால் வேர் பிடிக்காது;
தூரில் பக்கக்கன்று ஒன்று இருந்தது,
பெயர்த்து சொப்பிங் பையில் போட்டேன்.
"எவ்வளவு?"
நூறு என்றேன்.
பேரம் பேசினார். எண்பதுக்கு முடிந்தது.

"வாசல்ல தொங்கவிட்றாதீங்க."

"ஏன் தொங்கவிடணும்?
மண்ணு தோட்டத்தோடது,
வாளி என்னோடது."

குடையை உதறிக்கொண்டு படியிறங்கினார்.
அடுத்த ஆள் காத்திருந்தாள், நகத்துக்கு.
நாற்காலியின் தலைமாட்டில் பிசுபிசுப்பு.
துடைத்தேன்.