எடைமேடைக்காரியின் முதல் ஐம்பது

பகலெல்லாம் லாரிகளை நிறுக்கிறவள் நான்.
நிறை லாரி உள்ளே, வெற்று லாரி வெளியே,
இரண்டுக்கும் நடுவில் உள்ளது கோதுமை.
இருபது பவுண்டு கூடினாலும் குறைந்தாலும்
மோன்டானாவில் யாரும் வழக்குப் போடுவதில்லை.
பலத்த காற்றடித்தால் அதுவே தின்றுவிடும் அவ்வளவை.

அக்டோபரில் வெஸ் கிட்டெல்சன்
வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்குக் கிளம்பினான்.
அவன் கராஜ் வாசலில், நாற்பது டாலருக்கு,
ஒரு வார்ப்பிரும்பு பிரஸ்.
காபி டப்பா நிறையச் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள்
இனாம்.
"என்ன மருந்து, எவ்வளவு?" என்றேன்.
"என் கணக்கு என் துப்பாக்கிக்கு.
புத்தகம் வாங்கு."

புத்தகம் பிரஸ்ஸைவிட விலை கூட.
முதல் அறுபது பக்கமும் 'செய்யாதே'.

சலவை இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில்
இரண்டு திருகாணி போட்டு இறுக்கினேன்.
நெம்புகோலை அழுத்த, கூடு உள்ளே போனது.
மேலே இழுக்க, கூடவே எழும்பியது
மேசை.
லெய்ட்டன் கதவில் சாய்ந்து சிரித்தான்.
மறுநாள் சுவர்க்கட்டையோடு சேர்த்து
போல்ட் அடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

பிறகு கை பழகியது.
செத்த பிரைமர் கீழே விழும், டிக்.
உப்பிய கூடு பழைய இடுப்புக்குத் திரும்பும்.
புது பிரைமர் உட்கார்ந்ததா என்று
விரல்நுனியால் தடவிப் பார்க்கணும்,
இருட்டில் சட்டைப் பொத்தானைத் தேடுவது போல.
முப்பத்தெட்டு காலிபர். ஆழமான கூடு.
மருந்தோ அடியில் ஒட்டுகிற அளவு.

அதை நிறுக்கும் எடைக்குப் பேர் கிரெயின்.
தானியம் என்று அர்த்தம்.
பவுண்டுக்கு ஏழாயிரம்.
பகலில் லாரி லாரியாய்த் தள்ளிவிடுகிற தானியம்
இரவில் பத்தில் ஒரு பங்குக்காக
மூச்சைப் பிடி என்கிறது.
நிஜமாகவே, மூச்சு பட்டால் முள் ஆடும்.
ஹீட்டரை அணைத்தேன்.
கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐம்பது குழி போட்ட மரக்கட்டை.
முப்பதைத் தாண்டியிருப்பேன், போன்.
தங்கை இங்கா, மைல்ஸ் சிட்டியிலிருந்து:
பாட்டரி செத்துவிட்டது,
சிவப்புக் கேபிளை முதலில் எதில் மாட்டுவது?
சொன்னேன். திரும்பினேன்.
விட்ட இடம் தெரியும் என்று நினைத்தேன்.

ஐம்பதுக்கும் குண்டு பொருத்தி, விளிம்பு மடக்கி,
பெட்டியில் அடுக்கி, விளக்கணைத்துப் படுத்தபின்
தலையணைக்குள் ஒரு கேள்வி:
மணி அடித்தபோது கையருகே இருந்த கூட்டில்
ஊற்றியிருந்தேனா, ஊற்றப் போனேனா?

இரட்டை மருந்துக்குப் புத்தகத்தில் படம் உண்டு.
மேல்பாதி காணாமல் போன
ரிவால்வர்.

எழுந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாய் நிறுத்தேன்.
எடைமேடைக்காரிக்கா எடை தெரியாது?
தெரியவில்லை.
ஏழெட்டுக் கம்பெனிப் பித்தளை.
கூட்டுக்குக் கூடு உள்ள வித்தியாசமே
மருந்தை விழுங்கிவிட்டது.
நிறை லாரி என் கையில்.
வெற்று லாரி என்ன எடையென்று
எழுதி வைக்கவே இல்லை.

மிச்சம் ஒரே வழி.
சுத்தியல் மாதிரி பிளாஸ்டிக்கில் ஒன்று.
அதன் தலைக்குள் தோட்டாவைப் பூட்டிக்
கான்கிரீட்டில் தட்டணும், மூன்று தட்டு, நாலு தட்டு.
குண்டும் மருந்தும் கழன்று அதன் வயிற்றில் விழும்.
இப்படி ஐம்பது.
இரவு ஒன்றே கால்.
"யாரைப் புதைக்கிறாய் அங்கே?" என்று கத்தினான் லெய்ட்டன்.

தட்டில் கொட்டி ஒவ்வொன்றாய் நிறுத்தேன்.
சரி. சரி. சரி.
எத்தனையாவதோ, குண்டு விழுந்தது.
அதன் பின்னால் எதுவும் விழவில்லை.
கவிழ்த்தேன், உதறினேன், டார்ச் அடித்தேன்.
இரண்டென்று பயந்த இடத்தில் பூஜ்ஜியம்.
பிரைமர் மட்டும் தள்ளியிருந்தால்
குண்டு குழலில் பாதிவழி போய் நின்றிருக்கும்.
அடுத்தது அதன் முதுகில் போய் மோதியிருக்கும்.
தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்,
கோட்டோடு.

வியாழக்கிழமைப் போட்டிக்குக்
கடைத் தோட்டாவோடு போனேன்.
கடைசிக்கு முந்தின இடம்.
இப்போதெல்லாம் போன் சமையலறையில்,
பிரெட் டப்பாவுக்குள்.

இன்று காலை மேடையில் லாரியை நிறுத்திக்
கண்ணாடியை இறக்குகிறான் கோர்ட் ஷ்ராம்.
என்ன தாமதம்?
எண் நிற்கட்டும் என்கிறேன்.
"அது அப்போதே நின்றுவிட்டதே, ஆர்லிஸ்."
இரு. இன்னொரு தரம் பார்க்கிறேன்.