இடது கையுறை

ஹகோடாதேவுக்கு வந்த இரண்டாம் நாளே
இடது கையுறையைத் தொலைத்தேன்.
டிராமிலா, கணவாய் மீன் கடையிலா,
பனியில் வழுக்கி நான் உட்கார்ந்த
(உட்கார்ந்தேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்)
மோட்டோமாச்சிச் சரிவிலா, தெரியவில்லை.

காலைச் சந்தையில் திருமதி ஓனோதெரா
சிவந்த என் விரல்களைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
நண்டுக்கால் மிதக்கும் சூப்பை
இரண்டு கையாலும் நீட்டினார்.
ஒரு கையால் வாங்கப் போய்
வெட்கி, மற்றதையும்
பையிலிருந்து எடுத்தேன்.

எனக்குத் தெரிந்த ஜப்பானியச் சொற்கள் பதினொன்று.
மூன்று சாப்பாடு. இரண்டு மன்னிப்பு.
மீதி எண்கள், அதுவும் ஆறு வரைக்கும்.

டிராமில் சில்லறை புரியாமல்
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
ஓட்டுநர் ஒவ்வொரு காசாய் எனக்குக் காட்டிக் காட்டி எடுத்தார்,
மிச்சத்தின் மேல் என் விரல்களை மடக்கி மூடினார்.
வண்டி நின்றுகொண்டிருந்தது.
பின்னால் ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை.

வெந்நீர்க் கூடத்தில் குமாகாய் என்ற மீனவர்
நகர்ந்து இடம் தந்து
கழுத்தளவு நீரில் நெடுநேரம் பேசினார்.
கைகளை அகல விரித்தார், பிறகு குறுக்கினார்.
கடலில் குறைந்துபோன மீனா,
வளர்ந்து ஊரைவிட்டுப் போன மகனா?
இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி
தலையாட்டி வைத்தேன்.

மலையேறி இரவு விளக்குகளைப் பார்க்கச் சொன்னார்கள்.
ஏறினேன். பனி கொட்டியது.
ஒரு விளக்கும் தெரியவில்லை.

ஆறாம் நாள் அதே சரிவில்
ஒரு வீட்டு வேலிக் கம்பத்தின் தலையில்
என் கையுறை.
நீலத் துணிக்கிளிப் போட்டு,
ஐந்து விரலும் மேல்நோக்கி,
விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் நிற்பதுபோல்.
மற்றக் கம்பங்களில் ஒரு சாண் பனி.
இதன்மேல் மட்டும் இல்லை.
நான்கு நாளும் விடாமல் பெய்த பனியை
யாரோ காலைதோறும் தட்டிவிட்டிருக்கிறார்கள்.

மாட்டிக்கொண்டேன்.
மண்வெட்டியோடு வாசலில் நின்ற சிறுமி
என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள்.
என் பதினொன்றில் இல்லாத சொல்.
'வந்தாச்சு, வந்தாச்சு' என்றிருக்கும்.
சன்னலில் மூன்று முகங்கள் முளைத்தன.
ஒன்றின் வாயில் இன்னும் சோறு.

கிளிப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்கவில்லை.
இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்
என்று விரலால் கடித்துக் காட்டினாள்.

விமானத்தில் குளிரே இல்லை.
இதை எழுதுவது வலது கை.
இடது
இன்னும் கழற்றவில்லை.